ஜன்னலோரம் ஒரு மரம்: போன்சாய் கேள்வி பதில்

போன இதழில் வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளைப் பற்றி எழுதியபோது, "போன்சாயிலும் சில வகைகளை வீட்டுக்குள் வைக்கலாம்" என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரிக்குத்தான். சென்னையில் மொட்டை மாடியில் போன்சாய், அதாவது தொட்டிக்குள் குட்டையாக வைத்திருக்கும் மரங்கள், வளர்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேருக்குச் சொல்லியும் கொடுக்கிற எனக்கு, இதைவிடச் சந்தோஷம் வேறில்லை. கடிதங்களில் முக்கால்வாசி ஒரே சங்கதியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கின்றன: "நன்றாகத்தானே பார்த்துக்கொண்டேன், ஏன் காய்கிறது?" அதனால் முதல் கடிதத்துக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன். மற்றவர்களும் அதைப் படித்துவிட்டு அவரவர் பதிலுக்கு வாருங்கள்.

திருமண நாளுக்குத் தோழி ஒரு போன்சாய் கொடுத்தாள். அடியில் கிழங்கு போலத் தடித்த வேர், மேலே பளபளவென்று சின்ன இலைகள். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்து, தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறேன். கொஞ்ச நாளாக இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. தண்ணீர் போதவில்லையா அக்கா?
*வாசகி, வேளச்சேரி*

தண்ணீர் அதிகம், தங்கை. ஆனால் தண்ணீரை மட்டும் குறைத்தால் மரம் பிழைக்காது. அதற்கு வெளிச்சம் இல்லை. உங்கள் மரத்தின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

உங்களிடம் இருப்பது பைகஸ் மைக்ரோகார்ப்பா. நம் ஊரில் கல்லிச்சி என்பார்கள். ஆல், அரசுக்குப் பங்காளி. கடைகளில் 'ஜின்செங்' என்ற பெயரில் விற்கிறார்கள். வேரை நன்றாகத் தடிக்கவிட்டு, அதன் தலையில் சின்ன இலை ரகத்தை ஒட்டுக்கட்டி அனுப்புகிறார்கள். ஒட்டுக்குக் கீழே, தடித்த வேரிலிருந்தே பெரிய இலைகளோடு கிளை கிளம்பினால் அதைக் கிள்ளிவிடுங்கள். விட்டால் அதுவே எல்லாச் சத்தையும் இழுத்துக்கொள்ளும், மேல் ரகம் மெலிந்துவிடும்.

இப்போது வெளிச்சத்துக்கு வருவோம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நடுப்பகலில் மொட்டை மாடியில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். நேர் வெயில் படாத, ஆனால் வானம் தெரிகிற ஜன்னலை ஒட்டி இரண்டாயிரம் முதல் ஐயாயிரம் வரை கிடைக்கலாம். அதே அறையில் பத்தடி உள்ளே தள்ளி, டிவி இருக்கிற சுவர் ஓரத்தில் நூறு, இருநூறுதான். நம் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் கண்மணி விரிந்து சரிக்கட்டிவிடும். "எங்கள் ஹால் நல்ல வெளிச்சமாகத்தான் இருக்கிறது" என்று வகுப்புக்கு வருபவர்கள் எல்லாரும் சொல்வார்கள். கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. துல்லியம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், டிவி பக்கத்தில் ஒருமுறை, ஜன்னல் கட்டையில் ஒருமுறை அளந்து பாருங்கள். அந்த இரண்டு எண்களையும் பார்த்த பிறகு நீங்களே தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவீர்கள்.

வெளிச்சம் இல்லாத இடத்தில் இலை வேலை செய்வதில்லை. வேலை செய்யாத இலை தண்ணீரும் குடிப்பதில்லை. நீங்கள் ஊற்றிய டம்ளர் தண்ணீர் மண்ணிலேயே நிற்கிறது. வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். ஈரம் வற்றாத மண்ணில் காற்றுக்கு இடமில்லை, வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை இழுக்க முடியாது, அதனால் இலை வாடும், மஞ்சளாகும். அதைப் பார்த்து நாம் தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு டம்ளர் ஊற்றுவோம். வீட்டுக்குள் சாகிற போன்சாயில் பெரும்பாலானவை இப்படித்தான் சாகின்றன.

எந்த ஜன்னல்? முதல் மதிப்பெண் கிழக்குக்கு. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் பட்டால் இந்த மரம் குதூகலிக்கும். மேற்கு ஜன்னல் கிடைத்தால் அதையும் விட வேண்டாம். ஆனால் அக்கினி நட்சத்திர நாட்களில் பிற்பகல் வெயில் கண்ணாடி வழியே விழும்போது தொட்டி சுட்டுவிடும், அந்த மாதம் மட்டும் ஒரு மெல்லிய திரை போடுங்கள். தெற்கும் வடக்கும் நம் ஊரில் கொஞ்சம் விசித்திரம். தோட்டக்கலைப் புத்தகங்களில் "தெற்கு ஜன்னலே சிறந்தது" என்று போட்டிருப்பார்கள். அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சரி. சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, வடக்கே தாண்டிப் போய், ஆகஸ்ட் நடுவில்தான் திரும்பி வரும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலில் நேர் வெயிலே விழாது, வடக்கு ஜன்னலில் விழும். கார்த்திகை, மார்கழி, தையில் தெற்கு ஜன்னலில் வெயில் அறைக்குள் நீளமாக நுழையும். ஆகவே ஒரே இடத்தில் வருஷம் பூராவும் வைக்காதீர்கள். வெயில் எங்கே நகர்கிறதோ மரமும் அங்கே நகரட்டும்.

இடம் மாற்றியதும் இன்னும் கொஞ்சம் இலை உதிரும். இந்த இனத்தின் சுபாவம் அது, பயப்படாதீர்கள். ஆனால் நிழலில் வளர்ந்த இலையை ஒரேயடியாக வெயிலில் வைத்தால் கருகும். முதல் வாரம் வெயில் படாத ஜன்னலோரம், அடுத்த வாரம் ஒரு மணி நேரக் காலை வெயில் என்று பழக்குங்கள்.

மரம் உயிரோடு இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால், ஒரு கிளையில் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே ஈரப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் அந்தக் கிளை போய்விட்டது. அதற்கும் கீழே சுரண்டிப் பாருங்கள்.

தண்ணீருக்கு டம்ளர் கணக்கும் வேண்டாம், காலைக் கணக்கும் வேண்டாம். ஒரு மூங்கில் குச்சியை மண்ணில் ஓர் அங்குலம் செருகி, பத்து நிமிஷம் விட்டு உருவிப் பாருங்கள். குச்சி நிறம் மாறி ஈரமாக வந்தால் இன்று தண்ணீர் கிடையாது. உலர ஆரம்பித்திருந்தால், தொட்டியைத் தூக்கிக் கழுவுதொட்டியில் வைத்து, அடி ஓட்டை வழியே ஒழுகும்வரை மெதுவாக ஊற்றுங்கள். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும். வடிந்த பிறகு திரும்பக் கொண்டுபோய் வையுங்கள். கீழ்த் தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது.

இன்னொன்று: மேலே பரப்பியிருக்கும் கூழாங்கற்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா பாருங்கள். கடையிலிருந்து வரும் மரங்களில், வண்டியில் மண் சிந்தாமல் இருப்பதற்காகப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். கத்தி முனையால் நெம்பி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அந்த ஓட்டின் மேல் ஊற்றுகிற தண்ணீர் ஓரமாக வழிந்து போய்விடும், நடுவில் வேருக்கு எட்டாது. தொட்டிக்கு அடி ஓட்டை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லாத தொட்டிகளையும் துணிந்து விற்கிறார்கள்.

இப்போதைக்கு உரம் வேண்டாம். அடி ஓட்டை இல்லாமல் போனால் ஒழிய மண் மாற்றவும் வேண்டாம். வெளிச்சத்துக்குப் போய், குச்சி பார்த்துத் தண்ணீர் ஊற்றினால், நம் ஊர்ச் சூட்டுக்கு ஒரு மாதத்துக்குள் துளிர் தெரியும்.

கொடைக்கானல் போனபோது ஊசி இலை ஜூனிப்பர் போன்சாய் ஒன்று வாங்கி வந்தேன். வரவேற்பறையில் வைத்திருக்கிறேன். பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனால் வளர்ச்சியே இல்லை. இலை தொட்டால் முள் போல் குத்துகிறது.
*வாசகர், கோயம்புத்தூர்*

தம்பி, இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. உங்கள் மரம் அநேகமாகப் போய்விட்டது. ஜூனிப்பர் செத்த பிறகும் பல வாரங்களுக்குப் பச்சையாகவே இருக்கும். வெட்டிப்போட்ட கிளை எத்தனை நாள் பச்சை மாறாமல் கிடக்கிறது, அதேபோலத்தான். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் இன்றைக்கே வெளியே, காலை வெயிலும் காற்றும் படுகிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். கோவையில் வெளியில் வைத்தால் அது ஓரளவு தாக்குப்பிடிக்கும். நான்கு சுவருக்குள் எந்த ஊரிலும் முடியாது.

ஜூனிப்பர், பைன், மேப்பிள் எல்லாம் வெயிலில் நின்று, குளிர்காலத்தில் ஓய்வெடுத்து வாழ்கிற மரங்கள். போன்சாயைக் கலையாக்கிய ஜப்பானியர்களே அதை வீட்டுக்குள் வளர்ப்பதில்லை. வீட்டில் 'டோக்கோனோமா' என்று ஒரு மாடம் இருக்கும். விருந்தினர் வரும்போது மரத்தைக் கொண்டுவந்து அங்கே வைத்து, ஓரிரு நாளில் திரும்ப வெளியே கொண்டுபோய்விடுவார்கள். 1923ஆம் ஆண்டுப் பெரும் பூகம்பத்துக்குப் பிறகு தோக்கியோவின் போன்சாய்க்காரர்கள் பலர் நல்ல மண்ணும் நீரும் காற்றும் தேடி ஓமியா என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்து, 1925இல் ஒரு போன்சாய்க் கிராமமே அமைத்தார்கள். அங்கே குடியிருக்க விதிகள் இருந்தன: குறைந்தது பத்துப் போன்சாயாவது வைத்திருக்க வேண்டும், தோட்டத்தை யார் வந்தாலும் பார்க்க விட வேண்டும், வேலி உயிர்வேலியாக இருக்க வேண்டும், மாடி வைத்து வீடு கட்டக் கூடாது. ஊரே மரத்துக்காக அமைந்தது. மரத்தை வீட்டின் அலங்காரத்துக்கு வளைத்த ஊர் இல்லை அது.

அந்த மாட வழக்கத்தை நாமும் பின்பற்றலாம் என்பது என் உறுதியான கருத்து. வெளியில் கொஞ்சம் இடம் இருக்கிற யாராக இருந்தாலும், ஒரு மரத்துக்குப் பதில் மூன்று மரம் வையுங்கள். ஒன்று ஒரு வாரம் கூடத்தில், மற்ற இரண்டும் வெளியே. வாராவாரம் முறை மாற்றுங்கள். எந்த மரத்துக்கும் வெளியே இரண்டு வாரம் கிடைத்துவிடும். என் வீட்டுக் கூடத்தில் எப்போது வந்தாலும் ஒரு போன்சாய் இருக்கும், ஆனால் அங்கேயே குடியிருக்கும் போன்சாய் ஒன்றுகூடக் கிடையாது. புது மரம் வாங்குகிறபோது ஜூனிப்பரை விட்டுவிட்டுக் கல்லிச்சி, ஜேட், புளி, குரங்கு வெற்றிலை இவற்றில் ஒன்றைப் பாருங்கள். குரங்கு வெற்றிலை நம் புதர்க்காடுகளில் தானாக வளர்வதுதான். அதையே உலகச் சந்தையில் 'புக்கியன் டீ' என்று விற்கிறார்கள். வெள்ளைப் பூவும் சிவப்புப் பழமும் வைக்கும். ஆனால் இடம் மாற்றினால் முகம் சுளிக்கிற மரம் அது, அதனால் பழகியவர்கள் வாங்குவது நல்லது.

அலுவலகத்தில் என் மேஜை மேல் வைக்கலாமா? நாள் முழுக்க ஏசி, ஜன்னல் கிடையாது.
*வாசகர், மதுரை*

வேண்டாம். மேஜை விளக்கு வெளிச்சத்தில் எந்த மரமும் வாழாது. சனி ஞாயிறில் அதுவும் அணைந்துவிடும். ஏசி காற்று நேரே படாமல் பார்த்துக்கொண்டாலும் வெளிச்சம் இல்லாத குறை தீராது. வீட்டில் வளருங்கள்.

எந்த மண் சேர்க்கை நல்லது? ஒரு காணொளியில் ஜப்பானிய மண் என்று சொல்கிறார்கள், விலை கட்டுப்படியாகவில்லை. இங்கே நர்சரியில் செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) கலந்து தருகிறார்கள்.
*வாசகி, சேலம்*

கேட்டதற்கு நன்றி. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

அவர்கள் சொல்வது அக்கடாமா. ஜப்பானில் வெட்டி எடுத்து உலர்த்திய களிமண் உருண்டைகள். நல்ல பொருள்தான், ஆனால் நமக்கு அவசியமில்லை. அது செய்கிற வேலையை நம் செங்கல் செய்யும். ஒவ்வொரு பருக்கையும் தனக்குள் கொஞ்சம் தண்ணீரை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பருக்கைக்கு நடுவில் காற்று நிற்க வேண்டும். அவ்வளவுதான் போன்சாய் மண்ணின் சூட்சுமம்.

வீடு இடிக்கிற இடத்தில் சிமெண்ட் பூசாத பழைய செங்கல் கிடைத்தால் வாங்கி வாருங்கள். நன்றாக வெந்ததாக இருக்கட்டும். தட்டினால் கணீரென்று சத்தம் வரும். வேகாத கல் நாலு மாதத்தில் குழைந்து சேறாகிவிடும். சாக்குப் பைக்குள் போட்டுச் சுத்தியலால் உடைத்து, இரண்டு சல்லடை வழியே விடுங்கள். பெரிய கண் சல்லடையில் தங்குவதைத் திரும்ப உடைக்கலாம். சின்னக் கண் சல்லடை வழியே கீழே விழும் தூளைத் தொட்டியில் சேர்க்கவே கூடாது. நடுவில் தங்குகிற, 3 முதல் 5 மில்லிமீட்டர் பருக்கைதான் நமக்கு வேண்டியது. அதைத் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். முதல் தண்ணீர் ரத்தச் சிவப்பாக வரும், ஐந்தாறு அலசலில் தெளியும். அந்தத் தூள்தான் பின்னால் அடியில் இறங்கி ஓட்டையை அடைக்கும்.

வீட்டுக்குள் வைக்கிற மரத்துக்கு இந்தச் செங்கல் இரண்டு பங்கு, கழுவிய பெருமணல் ஒரு பங்கு, சலித்த மண்புழு உரம் அரைப் பங்கிலிருந்து ஒரு பங்கு. எம்-சாண்டில் கல்தூள் அதிகம், தவிர்த்துவிடுங்கள். கோகோபீட் மொட்டை மாடி வெயிலில் உதவும், வீட்டுக்குள் அது நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்மண் வயலுக்கு நல்லது, இரண்டு அங்குல ஆழத் தொட்டியில் கெட்டித்துவிடும்.

ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்கலாம். தண்ணீர் வடிந்த பிறகும் எந்தத் தொட்டியிலும் அடிமட்டத்தில் ஒரு பட்டை அளவுக்கு மண் முழு ஈரமாகவே நிற்கும். அந்தப் பட்டையின் உயரம் மண் பருக்கையின் அளவைப் பொறுத்தது, தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததில்லை. ஆழமான தொட்டியில் அது ஒரு பொருட்டே இல்லை. போன்சாய்த் தட்டில் பொடி மண் போட்டால், வேர் இருக்கிற இடம் முழுவதுமே அந்தப் பட்டைக்குள் மாட்டிக்கொள்ளும். அடியில் கூழாங்கல் பரப்பினால் வடியும் என்பதும் நடக்காது, ஈரப் பட்டை கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

மண் மாற்றுவது கல்லிச்சிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போதும். மாசி, பங்குனியில் செய்யலாம், இல்லாவிட்டால் அக்கினி வெயில் அடங்கி ஆடியில் சாரல் விழத் தொடங்கிய பிறகு. வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். வெட்டிய பின் மரம் ஆடாமல் இருக்கக் கம்பியால் தொட்டி ஓட்டையோடு சேர்த்துக் கட்டுங்கள். ஆடுகிற மரத்தில் புதுவேர் அறுந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று வாரம் நிழல், அதன் பிறகுதான் வெயிலும் உரமும். உரம் என்றால் கடையில் கிடைக்கும் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள உரம்), லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. கடலைப் பிண்ணாக்கு மாடிக்கு அருமை, வீட்டுக்குள் நாறும்.

சேலத்தில் உப்புத் தண்ணீர் என்றால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்து மாதம் ஒருமுறை நன்றாக ஊற்றிக் கழுவிவிடுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் சேர்ந்து வருவது அதில்தான்.

நாங்கள் கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். கோடையில் டெக்கில் நல்லாச் செழித்து நிற்கிற பைகஸ், குளிருக்கு உள்ளே எடுத்து வைத்தவுடன் இலையெல்லாம் கொட்டிப்போடுது. யன்னலோரம்தான் வைக்கிறேன். வேறென்ன செய்யலாம்?
*வாசகர், ஸ்கார்பரோ*

ஐயா, எங்கள் எல்லாரையும்விட உண்மையில் வீட்டுக்குள் வளர்க்க வேண்டிய கட்டாயம் உங்களுக்குத்தான். உங்கள் ஊரில் மார்கழிப் பகல் ஒன்பது மணி நேரம்தான், அதிலும் சூரியன் தாழ்வாகப் போகும். யன்னல் மட்டும் போதாது. வெள்ளை ஒளி தரும் செடி வளர்ப்பு எல்இடி விளக்கு ஒன்று வாங்கி, மர உச்சிக்கு ஓர் அடி மேலே தொங்கவிட்டு, பதினான்கு மணி நேரம் எரியும்படி டைமர் வையுங்கள். 30 வாட் விளக்கு என்றால் மாதத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்று யூனிட்தான் ஆகும். இரவு இருட்டாகவே இருக்கட்டும்.

இரவுக் குளிர் 10 பாகைக்கு இறங்கும்வரை காத்திருக்காமல், ஹீட்டர் போடத் தொடங்குவதற்கு முன்பே, செப்டம்பரில் உள்ளே எடுங்கள். வெளிக்காற்றும் உள்காற்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது மாற்றினால் இலை குறைவாகக் கொட்டும். சூடான காற்று வரும் வழிக்கு மேலே வைக்க வேண்டாம். கூழாங்கல்லும் தண்ணீரும் போட்ட தட்டின்மேல் தொட்டியை வைப்பதால் காற்றின் ஈரம் கொஞ்சம்தான் கூடும். பக்கத்தில் நாலைந்து செடிகளைச் சேர்த்து வைப்பதும், அறைக்கே ஒரு ஈரமூட்டும் கருவி வைப்பதும் அதைவிட உதவும். யன்னல் கட்டை சில்லிட்டுப் போகும் நாட்களில் தண்ணீரைக் குறையுங்கள், குளிர்ந்த ஈர மண்ணில் வேர் சீக்கிரம் அழுகும்.

அங்கத்தைய நண்பர்கள் மேப்பிள் போன்சாய் கொடுத்தால் அதை மட்டும் உள்ளே கொண்டுவராதீர்கள். அது பனிக்காலத்தை வெளியிலோ, சூடாக்காத கராஜிலோ தூங்கிக் கழிக்க வேண்டிய மரம்.

இலைக் காம்பில் வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கிறது. கூடவே இலைகள் சில இரண்டாக மடிந்து ஒட்டிக்கொள்கின்றன.
*வாசகி, புதுச்சேரி*

பஞ்சு மாவுப்பூச்சி. காது குடையும் பஞ்சுக் குச்சியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோய்த்து ஒவ்வொன்றாகத் துடைத்து எடுங்கள். கிளை இடுக்கையும் தொட்டி விளிம்பின் அடியையும் பார்க்க மறக்காதீர்கள். பிறகு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில துளி சோப்புத் திரவம் கலந்து மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, நாலு வாரம் விடாமல். மடிந்த இலையைப் பிரித்தால் உள்ளே கறுப்பாக, ஊசி முனை அளவில் பூச்சிகள் ஓடும். அது கல்லிச்சிக்கே உரிய இலைப்பேன். மடிந்த இலைகளைக் கிள்ளிப் பைக்குள் போட்டுக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். மருந்து அந்த மடிப்புக்குள் போகாது.

சுவரில் முளைத்த அரசங்கன்றை எடுத்துப் போன்சாய் ஆக்கியிருக்கிறேன். அரச மரத்தை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்கிறார் மாமியார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
*வாசகி, திருநெல்வேலி*

மாமியார் சொல்வதைக் கேளுங்கள் என்பேன். அரசு கோயில் மரம், அதற்கு அவர் தருகிற மரியாதையை நாம் மதிப்போம். மரத்துக்கும் அதுவே நல்லது. அரசிலை நீளக் காம்போடு அகலமாக வரும். வெளிச்சம் குறைந்தால் இன்னும் பெரிதாகி, கணு விட்டுக் கணு நீண்டு, மரம் போலவே தோன்றாது. நல்ல வெயிலில்தான் இலை சிறுக்கும். மாடியிலோ முற்றத்திலோ வையுங்கள். சுவரில் முளைத்தவை வேரைத் தட்டையாகப் பரப்பி வளர்ந்திருக்கும், போன்சாய்க்கு அருமையான அடி அமையும். கூடத்துக்கு வேண்டுமானால் ஒரு கல்லிச்சி வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு உங்கள் மாமியார் மறுப்புச் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.

வானத்தைத் தொட வேண்டிய மரத்தைத் தொட்டிக்குள் அடக்கி, கம்பி சுற்றி வதைப்பது பாவமில்லையா அம்மா? கோபித்துக்கொள்ளாதீர்கள்.
*ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்*

கோபமே இல்லை ஐயா. மரத்தின்மேல் பரிவு இருக்கிறவர்கள்தான் இதைக் கேட்பார்கள்.

பட்டினி போட்டு மரத்தைக் குள்ளமாக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தொட்டி மரத்துக்குத் தரையில் நிற்கும் மரத்தைவிட அடிக்கடி தண்ணீரும் சத்தும் தந்தாக வேண்டும். நுனியைக் கிள்ளுவதும் வேரை நறுக்குவதும் அதை இளமையாகவே வைத்திருக்கின்றன. வேலியை வெட்ட வெட்டத் தழைப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அலுமினியக் கம்பியைச் சரியான நேரத்தில் கழற்றிவிட்டால் காயம் இருக்காது. கல்லிச்சி வேகமாகப் பருக்கும் என்பதால் மூன்றாம் நான்காம் வாரத்திலிருந்தே கம்பி பட்டையில் அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அழுந்தினால் சுருளைப் பிரிக்காமல், துண்டு துண்டாக நறுக்கி எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதைத்தான் நான் வதை என்பேன்.

வாஷிங்டனில் அமெரிக்கத் தேசிய மரப் பூங்காவின் போன்சாய்க் கூடத்தில் ஒரு வெண் பைன் மரம் இருக்கிறது. 1625ஆம் ஆண்டிலிருந்து தொட்டியில் வளர்க்கப்பட்டு வருகிறது. ஹிரோஷிமாவில் யமாகி என்ற குடும்பத்தின் தோட்டத்தில் இருந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து அந்தத் தோட்டம் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். வீட்டுக் கண்ணாடிகள் நொறுங்கின, உயரமான மதிலுக்குப் பின்னால் இருந்த மரம் தப்பியது. 1976இல் அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டை ஒட்டி ஜப்பான் அனுப்பிய 53 போன்சாய்களில் ஒன்றாக மசாரு யமாகி அதைக் கொடுத்தார். குண்டுக்குத் தப்பிய கதையை அப்போது யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. 2001இல் அவருடைய பேரன்கள் மரத்தைப் பார்க்க வந்தபோதுதான் அது அங்கிருப்பவர்களுக்கே தெரிந்தது. நானூறு வருஷமாக ஒருவர் மாற்றி ஒருவர், ஒரு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அந்தக் கைகளை நினைக்கும்போது எனக்குக் கண் கலங்கும் ஐயா. வதைக்கிறவர்கள் இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் உங்கள் கேள்வியின் ஒரு பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். வெளிச்சமே இல்லாத மூலையில் அலங்காரப் பொம்மையாக வைத்து, காய்ந்ததும் தூக்கிப் போட்டு, இன்னொன்று வாங்குவது பாவம்தான். அப்படி விற்பதும் பாவம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் திரும்ப ஒரு வாரம் ஆகும். மரத்தை என்ன செய்வது?
*வாசகி, தாம்பரம்*

தை மாதம் என்பதால் கவலை குறைவு, மண் சீக்கிரம் காயாது. கிளம்புகிற அன்று காலையில் தொட்டியை விளிம்புவரை தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை வைத்து எடுங்கள். நேர் வெயில் படாத, ஆனால் வெளிச்சமான இடத்துக்கு நகர்த்துங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பித் தொட்டியைவிட உயரமாக வைத்து, பழைய பருத்தித் துணியைத் திரியாக முறுக்கி ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையை மண்ணுக்குள் இரண்டு அங்குலமும் விட்டால் ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். ஊருக்குப் போவதற்கு முன்பே ஒரு வாரக் கடைசியில் இதைச் செய்து, மண் எவ்வளவு ஈரமாகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சொதசொதவென்று ஆனால் திரியை மெலிதாக்குங்கள். ஜேட் என்றால் திரியும் வேண்டாம், எதுவும் வேண்டாம். இலையிலேயே அதற்குத் தண்ணீர் இருக்கிறது, ஒரு வாரம் விட்டுவிட்டுப் போகலாம்.

பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவதாக இருந்தால், "தினமும் ஊற்றுங்கள்" என்று சொல்லாதீர்கள். மூங்கில் குச்சியையும் கையில் கொடுத்துக் காட்டிவிட்டுப் போங்கள்.